ஐந்துக்கு ஒன்று

பிப்ரவரி 4

சுண்டெலிக்கு,

அக்கா எழுதுவது. அம்மாவும் நானும் சுகம். அம்மாவின் முழங்கால் மட்டும் வீட்டில் தனி ஆளாக வாழ்கிறது; ஒரு நாள் கோபம், ஒரு நாள் சமாதானம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள். இல்லை என்று நானே பதில் சொல்லிவிட்டேன்.

இனிமேல் எழுதிக்கொள்வோம் என்று நீ சொன்னது நல்ல யோசனை. போனில் நாம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுகிறோம். கடிதத்தில் ஒருத்தி வாயை மூடித்தான் ஆக வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் மின்விசிறி ஆலைக்குப் புது அலுவலகக் கட்டடம் எழும்பியிருக்கிறது. வரவேற்பறைச் சுவரில், ஆலை ஆட்கள் எல்லோரும் ஒன்றாக இருக்கிற நீளமான புகைப்படம் ஒன்றை மாட்டப் போகிறார்கள். ஜூலையில் வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்குகிறவர்கள் வருகிறார்கள். அவர்கள் கண்ணில் முதலில் அது பட வேண்டுமாம். எடுக்க யார் இருக்கிறார்கள் என்று பேச்சு வந்தது. "என் தங்கச்சி எடுப்பா" என்று சொல்லிவிட்டேன். விளம்பரத்தைக் கவனிக்கிற அதிகாரி ஒருவர் உண்டு. வெயில் மண்டையைப் பிளந்தாலும் டையைக் கழற்ற மாட்டார். எங்களுக்கெல்லாம் அவர் டைக்காரர். "இவ்வளவு நீளப் படமெல்லாம் எடுத்துப் பழக்கம் உண்டா அவளுக்கு?" என்று இழுத்தார். "அவ நாக்கு இதைவிட நீளம் சார்" என்றேன். சிரித்துவிட்டுச் சரி என்றார்.

இன்னொன்றும் உண்டு. முன்வரிசையில், முதலாளி பெரியவருக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு நாற்காலி. படத்தைத் திறந்து வைக்கிற அன்று என்னை உற்பத்தி மேலாளராக அறிவிப்பார்கள். செம்புக் கம்பி சுற்றி, அந்தப் பிரிவுக்கே கண்காணிப்பாளரான ஒரு பெண் மேலாளர் அறைக்குப் போவது இதுதான் முதல் தடவை. யாரிடமும் சொல்லாதே என்று அம்மா என்னிடம் சொல்லிவிட்டு, அவள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

நீளம் எவ்வளவு, உயரம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


பிப்ரவரி 13

அன்புள்ள அக்கா,

சாப்பிடுகிறேன். நேற்றுகூடச் சாப்பிட்டேன். அம்மாவின் முழங்காலை மிகவும் விசாரித்ததாகச் சொல்.

மேலாளர் அம்மா! கடிதத்தை வைத்துவிட்டு ஸ்டூடியோவை இரண்டு தடவை சுற்றி வந்தேன். இனி உன்னிடம் பேச முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டுமா?

நீளம், உயரம் என்று கேட்டாய். அதை முதலில் கேட்கக் கூடாது. எத்தனை பேர், எத்தனை வரிசை என்பதுதான் முதல் கேள்வி. உங்கள் ஆலையில் நூறு பேருக்கு மேல் இருக்கிறார்கள். ஒரே வரிசையில் நிறுத்தினால் படம் ரிப்பன் மாதிரி ஆகிவிடும். பத்து வரிசையில் அடுக்கினால் சதுரத்துக்குள் அடங்கிவிடுவார்கள், ஆனால் பின்னால் நிற்கிறவர்களுக்கு நெற்றி மட்டும்தான் மிஞ்சும். பனோரமாவின் அளவைக் காகிதத்தில் முடிவு செய்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது மைதானத்தில், ஆட்களை நிறுத்துகிற இடத்தில் முடிவாகிற விஷயம்.

உயரத்தைப்போல் மூன்று மடங்கு நீளம் இருந்தால், நின்ற இடத்திலிருந்தே கண் பார்த்து முடித்துவிடும். அதற்கு மேல் போனால் பார்க்கிறவர் நடக்க வேண்டும். எனக்கு நடக்க வைக்கிற படங்கள்தான் பிடிக்கும். ஆனால் வரவேற்பறையில் யாரும் நடக்க மாட்டார்கள், உட்கார்ந்து காத்திருப்பார்கள். அதனால் மூன்றுக்கு ஒன்று. கேமராவைச் சுற்றி அரைவட்டமாக நான்கு வரிசை. எல்லாப் பிரிவு ஆட்களையும் கலந்து, உயரப்படி நிறுத்த வேண்டும். வரைபடம் இணைத்திருக்கிறேன். டைக்காரரிடம் கொடு.

உன் அறைக் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வரும்,
சுண்டெலி


மார்ச் 2

சுண்டெலிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அம்மா நேற்று படியேறினாள்; இறங்கும்போதுதான் வருத்தப்பட்டாள்.

ஒரு வேடிக்கை. படம் எடுப்பதற்கு முன்னாலேயே அதற்குச் சட்டம் வந்து இறங்கிவிட்டது! பன்னிரண்டு அடி நீளம், நான்கு அடி உயரம், தேக்கு மரம், முன்னால் கண்ணாடி. வரவேற்பு மேசைக்கு மேலே உள்ள சுவரை அளந்து டைக்காரர் செய்யச் சொல்லிவிட்டார். சட்டையைத் தைத்துவிட்டு ஆளைத் தேடுகிற கதை. அழைப்பிதழும் அச்சாகிவிட்டது. "நம் குடும்பம் முழுவதும் ஒரே படத்தில்" என்று தங்க எழுத்தில் போட்டிருக்கிறார்கள்; உனக்கும் ஒன்று இதோடு வைத்திருக்கிறேன். நல்லவேளை, பன்னிரண்டுக்கு நான்கு என்றால் நீ சொன்ன மூன்றுக்கு ஒன்றுதான். டைக்காரருக்கு வரைபடம் பிடித்திருக்கிறது. பிடித்திருக்கிறது என்றுதான் சொன்னார்.

பெட்டி ஒட்டும் பகுதியில் ஒருத்தி இருக்கிறாள். அவள் சிரித்தால் கூரைத் தகடு அதிரும். ராட்சசி என்று கூப்பிடுவோம், அவளும் திரும்பிப் பார்ப்பாள். பிறந்ததிலிருந்து அடையாள அட்டையைத் தவிர வேறு எதிலும் அவள் முகம் அச்சானதில்லையாம். எந்தப் பக்கம் வகிடு எடுத்தால் நன்றாக இருக்கும் என்று தினமும் என்னைக் கேட்டுப் பிராணனை வாங்குகிறாள்.

மார்ச் பதினெட்டு. அரை நாள் முன்னதாக வா.

அக்கா


மார்ச் 24

அன்புள்ள அக்கா,

சுகமாக வந்து சேர்ந்தேன். ஒரே நாளில் வந்து, எடுத்து, ஓடிவிட்டேன். அம்மாவுடன் சரியாகப் பேசக்கூட இல்லை. கோபித்திருந்தால் அதை முழங்காலோடு சேர்த்து வைத்திருக்கச் சொல், அடுத்த தடவை வந்து இரண்டையும் பிடித்துவிடுகிறேன்.

ஒரு தப்பு நடந்திருக்கிறது. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். படத்தில் நீ இரண்டு தடவை விழுந்திருக்கிறாய்.

முதலில் ஒன்று. என் வரைபடத்தை டைக்காரர் மாற்றியிருந்தார், நீயும் பார்த்தாய். சீருடை போட்டவர்களை நான்கு வரிசையாக நடுவில் வைத்துவிட்டார். துப்புரவு செய்கிறவர்கள், கேன்டீன்காரர்கள், பெட்டி ஒட்டுகிறவர்கள், சுமை ஏற்றுகிறவர்கள் எல்லோரும் இரண்டு ஓரங்களிலும். அதனால் வரிசை நீண்டு, மூன்றுக்கு ஒன்றாக வர வேண்டிய படம் ஐந்துக்கு ஒன்றாகிவிட்டது. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது, வாதாட நேரமில்லை.

நீ இடது ஓரத்துக்குப் போய், "இங்க வரிசை கோணலா இருக்கு, சரி பண்றேன்" என்றாய். பிறகு அங்கிருந்தே, "சரியாயிடுச்சு, நீ ஆரம்பி!" என்று கத்தினாய். கேமராவை இடமிருந்து வலமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி ஒன்பது படங்கள் எடுத்து அவற்றை ஒட்ட வேண்டும். நடுவுக்கு நான் வருவதற்குள் நீ நாற்காலிக்குப் போய்விடுவாய் என்று நினைத்தேன். முதல் படத்தில் இடது கோடியில் நீ இருக்கிறாய். கடைசிப் படத்தில் வலது கோடியிலும் இருக்கிறாய். பெரியவருக்குப் பக்கத்தில் நாற்காலி காலி! நான் கோணத்தையும், கேமரா சாயாமல் இருக்கிறதா என்று காட்டுகிற மட்டக் குமிழியையுமே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். முன்வரிசை முழுக்க என் தோளுக்குப் பின்னால் எதையோ பார்க்கிறது; பாதிப் பேருக்குச் சிரிப்பு. டைக்காரரின் விழிகள் மட்டும் ஓரத்துக்கு ஓடியிருக்கின்றன, தலை அசையவில்லை. அசைந்தால் முதலிலிருந்து ஆரம்பிப்பேன் என்று நான்தானே மிரட்டியிருந்தேன்.

திரும்ப எடுக்கவும் வழியில்லை. பெரியவர் வெளிநாடு போய்விட்டார், ஜூலையில்தான் வருவார். ஆனால் பயப்படாதே. காலையில் வெளிச்சம் பார்க்க உன்னை அதே நாற்காலியில் உட்கார வைத்து ஒரு படம் எடுத்தேன், ஞாபகம் இருக்கிறதா? அதை ஒட்டிவிட்டு ஓரத்து அக்காக்களை அழித்துவிட்டால் யாருக்கும் தெரியாது. ஒரு மணி நேர வேலை. மாதிரிக்கு ஒரு சின்னப் பிரதி அனுப்பியிருக்கிறேன், டைக்காரருக்கும் ஒன்று.

செய்யட்டுமா?

வெட்கத்துடன்,
சுண்டெலி


ஏப்ரல் 6

சுண்டெலிக்கு,

சுகம். அம்மாவும் சுகம். இங்கே புழுக்கம் அதிகம். மின்விசிறி செய்கிற இடத்தில் மின்விசிறி போதவில்லை.

படம் வந்தது. சின்னதாக இருப்பதால் ஓரத்து முகங்கள் சரியாகத் தெரியவில்லை. பெரிதாக்கினால் தெளிவாக இருக்குமா? ராட்சசி கண்ணை மூடியிருக்கிறாளா, திறந்திருக்கிறாளா? தினமும் கேட்கிறாள். கேன்டீன் அம்மாவின் முகத்தில் பக்கத்தில் இருப்பவரின் நிழல் விழுந்திருக்கிறதா?

என் விஷயத்துக்கு ஒன்றும் அவசரமில்லை.

அக்கா


ஏப்ரல் 18

அன்புள்ள அக்கா,

நான் சுகம். நீயும் அம்மாவும் அப்படியே இருக்க வேண்டும்.

ராட்சசி கண்ணைத் திறந்திருக்கிறாள். வாயையும் திறந்திருக்கிறாள். கேன்டீன் அம்மாவின் மேல் நிழல் இல்லை.

நேற்று டைக்காரர் போன் செய்தார். நடந்த பேச்சை அப்படியே எழுதுகிறேன்.

"படம் பிரமாதம் மேடம். ரெண்டு ஓரத்தையும் வெட்டிடுங்க. மூணுக்கு ஒண்ணு ஆயிடும், நம்ம சட்டத்துல கச்சிதமா உக்காந்துடும்."

"ஓரத்துல இருக்கறவங்க?"

"அவங்க கான்ட்ராக்ட் ஆளுங்க. வெட்டறதுக்குத்தானே அங்க நிக்க வெச்சேன்? நிக்க வேணாம்னா மூஞ்சி தொங்கிப்போயிடும். நின்னாங்க, சந்தோஷப்பட்டாங்க, முடிஞ்சுது."

வெட்டாமலே அதே சட்டத்துக்குள் வைக்கலாம் என்றேன். பன்னிரண்டு அடி நீளத்துக்கு இரண்டரை அடிக்குக் கொஞ்சம் குறைவாக உயரம் வரும். மேலும் கீழும் பட்டை விட்டால் போதும்.

"அப்போ பெரியவர் முகம் எவ்வளவு பெருசு இருக்கும்?"

"தீப்பெட்டி அளவு."

"வெட்டினா?"

"உள்ளங்கை அளவு."

"பார்த்தீங்களா! உங்க அக்காவையும் அந்த நாற்காலியில ஒட்டிடுங்க. அவங்க எதிர்காலம் மேடம் அது."

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அக்கா, அந்த நாற்காலி உன்னுடையது. வெட்டு என்று நீ சொன்னால் வெட்டுகிறேன். மனசு ஆறாது, ஆனாலும் வெட்டுகிறேன். வேண்டாம் என்றால் அவரிடம் சொல்ல என்னிடம் நிறைய இருக்கிறது. ஒரே ஒரு வரி எழுது.

உன் பதிலுக்காக வாசலைப் பார்த்திருக்கும்,
சுண்டெலி


மே 9

அக்கா,

சுகமா என்று கேட்க மாட்டேன். கேட்டதற்குப் பதில் வந்தால்தானே அடுத்தது கேட்பது? உன்னிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. போனிலும் அம்மாதான் எடுக்கிறாள், நீ குளிக்கிறாய் என்கிறாள். மூன்று வாரமாகவா குளிக்கிறாய்?

கோபத்தில் முழுப் படத்தையும் அச்சிட்டேன். வெட்டாமல், சட்டத்தின் நீளத்துக்கு, பன்னிரண்டு அடி. ஸ்டூடியோச் சுவர் போதவில்லை. தரையில் விரித்து, முழங்காலிட்டு நகர்ந்து நகர்ந்து பார்த்தேன்.

இடது கோடியில் நீ ராட்சசியின் கையைப் பிடித்திருக்கிறாய். விரல்களைக் கோத்து, இறுக்கமாக. வலது கோடியில் கேன்டீன் அம்மாவின் தோளில் கை போட்டிருக்கிறாய். முடி கலைந்திருக்கிறது, வாய் திறந்து மூச்சு வாங்குகிறாய், ஒரு செருப்பு பாதி கழன்றிருக்கிறது. தவறுதலாகப் படத்தில் மாட்டிக்கொண்டவளின் முகம் இல்லை அது. நேராக என் லென்ஸைப் பார்க்கிறாய்.

நீ எனக்குப் பின்னால் நடந்து போயிருக்கிறாய். முன்வரிசை பார்த்துச் சிரித்தது உன்னைத்தான்.

இந்தப் பக்கம் வெட்டினாலும் உன்னை வெட்ட வேண்டும், அந்தப் பக்கம் வெட்டினாலும் உன்னை வெட்ட வேண்டும். நடுவில் மட்டும் வைத்தால் காலி நாற்காலிதான் மிஞ்சும். இதற்குப் பெயர் தப்பாம்! அதற்கு நான் வெட்கப்பட்டு மன்னிப்பு வேறு கேட்டேன்!

என்னிடம் சொல்லியிருக்கலாமே? நான் வெட்டிவிடுவேன் என்று நினைத்தாயா? சரி, வெட்டுகிறேன் என்று எழுதியவள் நான்தான். அந்த வரியை இப்போது படிக்கக் கூசுகிறது.

நாற்காலியில் நீ உட்கார்ந்திருந்த சோதனைப் படத்தை இன்று காலை அழித்துவிட்டேன். அது இருக்கிற வரை யாராவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள், எனக்கும் ஒரு பலவீனமான நாள் வரலாம். டைக்காரருக்கும் எழுதிவிட்டேன்: படம் ஐந்துக்கு ஒன்று. ஒரு விரற்கடைகூடக் குறையாது.

சுண்டெலி


மே 20

சுண்டெலிக்கு,

சுகம். திட்டி எழுதினாலும் கையெழுத்து அழகாகத்தான் இருக்கிறது.

சொல்லியிருந்தால் நீ கேமராவை நிறுத்திவிட்டு அங்கேயே சண்டை போட்டிருப்பாய். வெயில் போயிருக்கும், படமும் போயிருக்கும்.

அன்று மத்தியானம் டைக்காரர் கணக்கரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "ஓரத்துல நிக்கட்டும், அப்புறம் வெட்டிக்கலாம்." எனக்குப் பின்னால் நின்ற ராட்சசியின் காதிலும் விழுந்தது. வகிடு எடுத்து, புது ரிப்பன் கட்டி வந்திருந்தாள். அவள் அழவில்லை, கத்தவில்லை. என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள்: "அக்கா, எங்க நின்னா நாங்க விழுவோம்?"

எத்தனை அடி வெட்டுவார்கள் என்று நான் என்னத்தைக் கண்டேன்? அதனால் இடது பக்கத்தில் ஆகக் கடைசி ஆளாகப் போய் நின்றேன். என்னை வைத்துக்கொள்ள வேண்டுமானால் அதுவரை எல்லோரையும் வைத்துக்கொண்டுதானே ஆக வேண்டும்? நின்ற பிறகுதான் இன்னொரு ஓரமும் இருக்கிறதே என்று ஞாபகம் வந்தது. அதற்குள் நீ திருப்ப ஆரம்பித்துவிட்டாய். வேறென்ன செய்ய, நடந்தேன். கடைசியில் ஓடினேன்.

உனக்குப் பதில் எழுத மூன்று தடவை உட்கார்ந்தேன். வெட்டாதே என்று எழுதினால் உன் பிழைப்பில் நான் கை வைத்தது ஆகும். வெட்டு என்று எழுதக் கை வரவில்லை. படம் உன்னுடையது, நீயே முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டேன். நான் எதிர்பார்த்ததைவிடச் சத்தமாகத்தான் முடிவு செய்திருக்கிறாய்.

இப்போது மாலையில் சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிடுகிறேன். நல்ல தூக்கம்.

அக்கா

(ஓரத்தில் அம்மாவின் கையெழுத்து) பாப்பா, அவள் எழுத மாட்டாள், அதனால் நான் எழுதுகிறேன். மேலாளர் வேலை வேறு ஒருவருக்காம். பிரிவுக் கண்காணிப்பிலிருந்தும் எடுத்துவிட்டார்கள், மறுபடி கம்பி சுற்றுகிறாள். என்னிடமும் சொல்லவில்லை. பாத்திரம் கழுவும்போது பாட்டுப் பாடினாள், இவ்வளவு சந்தோஷம் ஆகாதே என்று கேட்டேன், சொன்னாள். அழவில்லை. நானும் அழவில்லை. நீயும் அழாதே, வேலையைப் பார்.


ஜூன் 8

அன்புள்ள அக்கா,

அம்மா எழுதியிருக்கிறாள். என்ன எழுதினாள் என்று அவளிடமே கேட்டுக்கொள்.

அழவில்லை. வேலையைப் பார்த்தேன். அதாவது, டைக்காரரைப் பார்த்தேன். நேரில் ஸ்டூடியோவுக்கே வந்துவிட்டார். பன்னிரண்டு அடிப் படம் இன்னும் தரையில்தான் கிடந்தது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வரும்படி ஆயிற்று.

"பிடிவாதம் பண்றீங்க மேடம். எங்க ஆலை வேலை மட்டும் இல்ல, எங்களுக்குத் தெரிஞ்ச எந்த இடத்துலயும் உங்களுக்கு வேலை வராது."

"சரி சார்."

"கூலியும் கிடையாது."

"அதுவும் சரி சார். ஆனா படம் என்கிட்டதான் இருக்கு."

"உங்ககிட்ட எதுக்கு? நீங்க அனுப்பின சின்னப் படத்தையே நாங்க பெருசாக்கிக்குவோம்."

"செஞ்சு பாருங்க" என்றேன். பிறகு அழைப்பிதழை எடுத்துக் காட்டினேன். "நம் குடும்பம் முழுவதும்னு அச்சடிச்சது நான் இல்ல சார். அதை முழுசா எடுத்துக் கொடுத்திருக்கேன். குடும்பம் இவ்வளவு நீளம்னு தெரியாம சட்டத்தை நீங்க அடிச்சுட்டீங்க. சட்டத்துக்காக ஆளைக் குறைக்க மாட்டேன்."

அவர் குனிந்து தன் முகத்தைத் தேடினார். கண்டுபிடித்து, தன் விழி போகிற திசையைப் பார்த்து, சட்டென்று நிமிர்ந்துவிட்டார். டீ வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாமாம்.

பயமாக இல்லையா என்று நீ கேட்பாய். இருக்கிறது. இந்த ஸ்டூடியோவுக்கு வந்த முதல் பெரிய வேலை இதுதான். அக்கா, எனக்கு ஒன்று மட்டும் சொல். அந்த அறைக்கு நீ போயிருந்தால் இவர்களுக்கெல்லாம் இன்னும் நிறையச் செய்திருக்கலாமே என்று உனக்குத் தோன்றவில்லையா?

அன்புடன்,
சுண்டெலி


ஜூலை 16

சுண்டெலிக்கு,

அம்மாவும் நானும் சுகம். முழங்காலும் இந்த வாரம் நம் பக்கம்.

நீ கேட்டது தோன்றாமல் இல்லை. பல நாள் யோசித்தேன். ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்து முதலில் ராட்சசிக்குச் சொல்ல வேண்டியிருந்த பதில், "நீங்க எங்க நின்னாலும் விழ மாட்டீங்க" என்பது. அதைச் சொல்லிவிட்டு அதன் பிறகு யாருக்கு என்ன நல்லது செய்ய?

சின்னப் படத்தை உண்மையாகவே பெரிதாக்கினார்கள். முகமெல்லாம் கட்டம் கட்டமாக, கொசுவலைக்குப் பின்னால் நிற்கிற மாதிரி வந்தது. வெட்டியும் பார்த்தார்கள், நடுவில் காலி நாற்காலி, சுற்றி எல்லோரும் எங்கேயோ பார்த்துச் சிரிக்கிறார்கள். "என்னய்யா இது, என்னைப் பார்த்தா சிரிக்கிறாங்க?" என்று ஊர் திரும்பிய பெரியவர் கேட்டாராம். திறப்புக்கு மூன்று நாள் இருந்தது. அதன் பிறகுதான் முழுப் படத்தை வாங்கிவர உன்னிடம் ஆள் அனுப்பினார்கள். மற்றது உனக்கே தெரியும்.

நேற்று திறந்தார்கள். முழுப் படம், மேலும் கீழும் நீ விட்ட வெள்ளைப் பட்டை. எல்லாப் பிரிவிலிருந்தும் ஆட்களைச் சுவரோரம் நிறுத்தியிருந்தார்கள். கம்பி சுற்றும் பிரிவுக்கு நான் போனேன். ஓரத்து ஆட்களை உள்ளே விடவில்லை. அவர்கள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே கூட்டமாக நின்றார்கள். "நான் இருக்கேன்! பல்லெல்லாம் தெரியுது!" என்று ராட்சசி கத்தியது உள்ளே கேட்டது.

சரக்கு வாங்க வந்தவர்களில் மூத்த பெண் ஒருத்தி மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தாள். இடது கோடியில் விரலை வைத்தாள். வலது கோடிக்குப் போய் அங்கேயும் வைத்தாள். பிறகு திரும்பி, சுவரோரம் நின்ற என்னை அடையாளம் கண்டு ஏதோ கேட்டாள். மொழிபெயர்க்கிற பையன் சொன்னான்: "இவங்க எப்படி ரெண்டு இடத்துல இருக்காங்கன்னு கேக்கறாங்க."

டைக்காரர் முந்திக்கொண்டார். "அது கேமரா கோளாறு. சின்னத் தப்பு."

"கோளாறு இல்ல" என்றேன். "நான்தான் நடந்து போனேன்."

மொழிபெயர்க்கிறவன் டைக்காரரைப் பார்த்தான். பெரியவரைப் பார்த்தான்.

"அப்படியே சொல்லுப்பா" என்றேன்.

சொன்னான். அவள் அடுத்து ஒரே சொல்லில் கேட்டது எனக்கு மொழிபெயர்க்காமலே புரிந்தது. வெளியே நின்றவர்களை உள்ளே கூப்பிட்டால் சொல்கிறேன் என்றேன். பெரியவர் என்னை ரொம்ப நேரம் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். கடைசியில் அவரே போய்க் கதவைத் திறந்தார்.

கம்பி சுற்றும் பிரிவிலிருந்து,
அக்கா